ஆயில் மாற்றாத டிராக்டர்

போன சனிக்கிழமை காலை எங்கள் ஊர்க் கடற்கரையில் ஒரு காட்சி.

பைபர் படகு ஒன்று கரை தொட்டது. அதிலிருந்து இறங்கியவர்களும் கரையில் நின்றவர்களும் கயிற்றைப் பிடித்து, பல்லைக் கடித்து, படகை மணலில் மேலே இழுத்தார்கள். ஒரு சாண் நகர்ந்தது. நின்று மூச்சு வாங்கினார்கள். இன்னொரு சாண். மறுபடி மூச்சு.

மீனவர்கள் படகு இழுப்பதில் என்ன விசேஷம் என்கிறீர்களா? கூப்பிடு தூரத்தில் ஒரு டிராக்டர் சும்மா நின்றதுதான் விசேஷம். ரிப்பேரான டிராக்டர் இல்லை. டீசல் தீர்ந்த டிராக்டரும் இல்லை. படகு இழுப்பதற்கென்றே பின்னால் கொக்கியும் வடமும் மாட்டிக்கொண்டு, கல்யாணப் பந்தியில் யாரும் கூப்பிடாத சம்பந்தி மாதிரி நின்றது. அதன் மேல் உட்கார்ந்திருந்தவன் செல்வின். அவன் முகமும் கிட்டத்தட்ட அந்தச் சம்பந்தி முகம்தான்.

செல்வின் என் மனைவியின் தம்பி. அந்த டிராக்டர்தான் அவன் பிழைப்பு. கரைக்கு வருகிற படகுகளை மேலே ஏற்றிவிடுவது, விடியற்காலையில் கடலுக்குள் தள்ளிவிடுவது — இதுதான் வேலை. கூலி உண்டு. போக, குழம்புக்கு மீனும் உண்டு. அந்த மீனில் ஒரு பங்கு என் வீட்டுக்கும் வந்துகொண்டிருந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த விவகாரத்தில் நான் நடுநிலையாளன் என்று யாரும் ஏமாந்துவிடக் கூடாது.

படகு ஒருவழியாக மேலே வந்ததும், படகுக்காரர்களின் கமிட்டித் தலைவர் மிக்கேல் அண்ணாச்சி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். செல்வினைப் பார்க்காமல், கடலைப் பார்த்துச் சொன்னார்.

"திங்கக்கெழமையிலயிருந்து பக்கத்து ஊரு டிராக்டர் வருது. சொல்லியாச்சு."

செல்வின் அவரைப் பார்க்காமல், என்னைப் பார்த்தான்.

ஏன் என்னை? ஏனென்றால் இதற்கெல்லாம் காரணம் நான். இன்னும் சரியாகச் சொன்னால், நானும் ஒரு கேன் சிந்தடிக் ஆயிலும்.

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. டிராக்டருக்கு ஆயில் மாற்ற வேண்டும் என்று செல்வின் பேச்சுவாக்கில் சொன்னான். பேச்சுவாக்கில் சொல்லப்படும் விஷயங்களில்தான் நான் ஆழமாக இறங்குவேன். அது என் சுபாவம். ராத்திரி சாப்பாட்டுக்குள் கட்டுரைகள் படித்து, வீடியோக்கள் பார்த்து, இரண்டு வெளிநாட்டு விவசாயிகள் எந்த ஆயில் உசத்தி என்று கமெண்ட் பகுதியில் போட்ட சண்டையையும் முழுக்கப் படித்து, நிபுணனாகிவிட்டேன்.

உங்களுக்கும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாதா ஆயில் என்பது கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுப்பது. அதன் மூலக்கூறுகள் சின்னதும் பெரியதுமாகக் கலந்து கிடக்கும். சிந்தடிக் என்பது ஆலையில் உட்கார்ந்து பதமாகச் செய்வது. மூலக்கூறுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. சாதா ஆயில் திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறுகிற கூட்டம் என்றால், சிந்தடிக் ஆயில் நாசரேத் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பிரேயருக்குப் போகிற வரிசை. சூட்டைத் தாங்கும். சீக்கிரம் கெடாது. விலை கூடுதல். ஆனால் அடிக்கடி மாற்ற வேண்டியதில்லை.

இந்தக் கடைசி வாக்கியத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எங்களை வீழ்த்தியது அதுதான்.

என் மனைவி கிரேஸ் அன்றைக்கே எச்சரித்தாள். "கார்ல வைப்பர் மாத்தவே நீங்க ஆள் கூப்பிடுதிய. டிராக்டருக்கு யோசனை சொல்ல வந்துட்டிய!"

செல்வின்தான் என்னைக் காப்பாற்றினான். "அப்பிடிச் சொல்லாதக்கா. அத்தான் படிச்சவிய. சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அத்தான் படிச்சவிய! இந்த ஒரு வாக்கியத்தை நம்பிக் கெட்டவர்களைவிட, இதைக் கேட்டுக் கெட்டவர்கள்தான் அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

இருந்தாலும் ஒரு தொழில்நுட்ப ஆலோசனை வேண்டுமல்லவா? மெக்கானிக் சுடலையைக் கேட்டேன்.

"சுடலை, சிந்தடிக் நல்லதா?"

"நல்லதுதான் சார்."

"அப்ப சாதா ஆயில்?"

"அதும் நல்லதுதான் சார்."

"ரெண்டுல எது உசத்தி?"

சுடலை ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். "அது ஊத்துறவிய மனசப் பொறுத்தது சார்."

நான் சாமியாரிடமா போனேன், மெக்கானிக்கிடமா என்று சந்தேகமாக இருந்தது. ஆனால் ஊற்றுகிறவரின் மனசு அப்போது முழுக்கச் சிந்தடிக்காக இருந்ததால், தூத்துக்குடிக்குப் போய் நானே கேனை வாங்கி வந்தேன். கூடவே என் காருக்கும் ஒன்று. ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு நாம் சாதா ஆயிலில் ஓடினால் நன்றாகவா இருக்கும்?

செல்வின் வீட்டுக் கொட்டகையில், டிராக்டர், கார் இரண்டுக்கும் சுடலையே மாற்றினார். என் காரிலிருந்து வடித்த பழைய ஆயிலை ஒரு வெள்ளைக் கேனில் பிடித்து, மூடி போட்டு, ஓரமாக வைத்தேன். கழிவு ஆயிலைக் கண்ட இடத்தில் கொட்டக் கூடாது, அதற்கென்று உரிமம் பெற்றவர்களிடம்தான் கொடுக்க வேண்டும் என்று படித்திருந்தேன். படித்தவன் நிற்கிற கொட்டகையில் எல்லாமே முறைப்படிதான் நடக்கும்.

டிராக்டரின் பழைய ஆயிலுக்கு அப்படிப்பட்ட வழி கிடையாது. அதற்கு ஊரில் ஏற்கெனவே ஒரு வழி இருந்தது.

இங்கே எங்கள் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் ஊரில் இரும்பு என்பது தற்காலிகமான பொருள். உப்புக்காற்று அதை ராத்திரி பகலாக மென்றுகொண்டே இருக்கும். புதுக் கேட் மாட்டினால் அடுத்த கிறிஸ்துமஸுக்குள் அது பழைய கேட். மரமும் அப்படித்தான், அதைத் தின்பது கரையான். இந்த இரண்டு எதிரிகளுக்கும் ஊர் கண்டுபிடித்த ஒரே ஆயுதம், செல்வின் டிராக்டரின் பழைய ஆயில். கன்னங்கரேல் என்று, விரலில் பட்டால் இரண்டு நாள் போகாத அந்த ஆயில்.

ஆயில் மாற்றுகிற நாளன்று கொட்டகை வாசலில் கூட்டம் நிற்கும். கூல்டிரிங்க்ஸ் பாட்டில், தேங்காய் எண்ணெய் டப்பா, மூடியில்லாத தூக்குவாளி. படகு ஏற்றும் வண்டியின் சக்கரத்துக்கு ஒருவர். கேட் கீலுக்கு ஒருவர். உப்பளத்து வேனின் அடிப்பாகத்தில் பூச ஒருவர். சொறிபிடித்த நாய்க்குத் தடவவும் ஒருவர் வாங்கிப் போவார். அது கூடாது, நாய்க்கு ஆகாது என்று நான் சொல்லிப் பார்த்தேன். நாயும் சொல்லிப் பார்த்தது.

வரிசையில் முதல் ஆள் எப்போதும் மரியபுஷ்பம் அக்காதான். கருவாட்டு வியாபாரம். கடற்கரையில் அவருக்கு ஓர் ஓலைக்கொட்டகை. அதன் மரக்கால்கள் நிற்பதே செல்வின் ஆயிலில்தான். மண்ணுக்குமேல் முழங்கால் உயரத்துக்குப் பூசினால், அடுத்த ஆயில் வரும்வரை கரையான் அண்டாது. செல்வின் இதற்குக் காசு வாங்கியதில்லை. ஊர் அவனைக் கூப்பிடுகிறது, அவன் ஊருக்கு ஊற்றுகிறான். இப்படி ஓர் ஒப்பந்தம். எழுதவும் இல்லை, பேசவும் இல்லை. அதனால்தான் என் ஆராய்ச்சியில் அது அகப்படவில்லை.

கடைசியாக வடித்த சாதா ஆயிலையும் அன்று எல்லோரும் சந்தோஷமாக வாங்கிப் போனார்கள். அடுத்த முறை எப்போது என்று யாரும் கேட்கவில்லை. கேட்பானேன்? அது வழக்கம்போல வரும்.

வரவில்லை.

இந்த மாதம் பாட்டில்கள் ஒவ்வொன்றாக வந்தன. செல்வின் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறான்: "இப்ப ஆயில் மாத்தலக்கா. இது வேற ஆயில். ரொம்ப நாள் வரும்."

மரியபுஷ்பம் அக்கா பாட்டிலைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். மறுவாரம் வந்தார். அதே பதில். ராவும் பகலும் கடல் மணலில் கிடந்து உழைக்கிற டிராக்டர் இத்தனை நாளாக ஆயில் மாற்றவில்லையாம்! யார் நம்புவார்கள்? நானே படித்ததால்தான் நம்பினேன்.

இந்தச் சமயம் பார்த்துத்தான் நான் என் இரண்டாவது நல்ல காரியத்தைச் செய்தேன். கொட்டகையில் கிடந்த என் வெள்ளைக் கேன் ஞாபகம் வந்தது. உரிமம் பெற்ற ஆளைத் தேடிப்பிடித்து போன் செய்தேன். போன வியாழக்கிழமை பட்டப்பகலில் தூத்துக்குடியிலிருந்து ஒரு வேன் வந்து, செல்வின் வீட்டு வாசலில் நின்று, கழிவு ஆயிலை ஏற்றிக்கொண்டு போனது. முறைப்படி.

எதிரே, தலையில் கருவாட்டுப் பெட்டியுடன் மரியபுஷ்பம் அக்கா நின்றிருக்கிறார்.

சாயங்காலத்துக்குள் கடற்கரை முழுக்கச் செய்தி: செல்வின் ஊர் ஆயிலை வெளியே விற்கிறான். வேன் வைத்து விற்கிறான். வெள்ளிக்கிழமை படகு இழுக்க 'ஏலே செல்வின்' என்று யாரும் கூப்பிடவில்லை. சனிக்கிழமை நடந்ததைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

"ஊரு ஆயில வித்தவன் டிராக்டர் எங்களுக்கு எதுக்கு?" என்று மிக்கேல் அண்ணாச்சி கேட்டாராம். ஊர் முழுக்க இடுப்பு வலி. ஆனாலும் ரோஷம்.

சனிக்கிழமை மதியம் எங்கள் வீட்டில் மீன் இல்லை. கத்தரிக்காய். கிரேஸ் அதை என் தட்டில் வைத்த விதத்தில் எல்லாம் இருந்தது.

"டிராக்டர் சும்மா நின்னா செல்வினுக்கு வேற பொழப்பு என்ன இருக்கு?" என்று மட்டும் கேட்டாள். "நாளைக்குப் போயி நீங்களே சொல்லுங்க. ஆனா சுருக்கமா."

சுருக்கமாக! எழுத்தாளனிடம்!

ஞாயிறு காலை பூசை முடிந்து எல்லோரும் கடற்கரைக்கு வந்திருந்தார்கள். நான் நடுவில் நின்றேன். செல்வின் டிராக்டரில் சாய்ந்து நின்றான். முதலில் வேன் விஷயத்தைச் சொன்னேன். அது என் காரின் ஆயில், கூப்பிட்டது நான், செல்வினுக்குச் சம்பந்தமே இல்லை என்றேன்.

"ஒங்க காரு ஆயிலா?" என்றார் மரியபுஷ்பம் அக்கா. "அப்ப அத எங்ககிட்ட குடுத்தா என்னவாம்? நாங்க என்ன வேண்டாம்னா சொன்னோம்?"

இந்தக் கோணத்தை நான் யோசித்திருக்கவில்லை. அவசரமாக மூலக்கூறுகளுக்குத் தாவினேன். பஸ் கூட்டம், பிரேயர் வரிசை எல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்த மிக்கேல் அண்ணாச்சி கையைக் காட்டி நிறுத்தினார்.

"சார், பிரசங்கம் இப்பதான் கேட்டுட்டு வாரோம். ஆயில் உள்ளதான் இருக்குன்னு சொல்லுதிய. காட்டுங்க பாப்போம்."

செல்வின் பானெட்டைத் திறந்து, ஆயில் அளக்கிற கம்பியை உருவி, துடைத்து, மறுபடி விட்டு உருவினான். நுனியில் ஆயில். மேல் கோடு வரை. ஆள் ஆளாக எட்டிப் பார்த்தார்கள். விற்கவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி உண்டா? நான் ஜெயித்த முகத்தோடு திரும்பினேன்.

அண்ணாச்சி கம்பியின் நுனியை விரலால் தொட்டு, வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"சார். இது கருத்துப் போச்சே!"

"கருக்கத்தான் செய்யும் அண்ணாச்சி. டீசல் என்ஜின்ல எந்த ஆயிலும் சீக்கிரம் கருத்துரும். அழுக்க உள்வாங்குது, அவ்வளவுதான்."

"அப்ப மாத்த வேண்டாமா?"

"வேண்டாம். கருத்தாலும் ஆயில் நல்லாத்தான் இருக்கும்."

"கருத்தாலும் நல்லாருக்கும்."

"ஆமா."

"நல்ல ஆயிலு."

"ஆமா அண்ணாச்சி."

"அப்ப அந்த நல்ல ஆயில எங்களுக்குத் தரதுல ஒங்களுக்கு என்ன சார் கஷ்டம்?"

படித்த அத்தனை கட்டுரைகளையும் மனசுக்குள் புரட்டினேன். இந்தக் கேள்விக்கு ஒருவரும் பதில் எழுதியிருக்கவில்லை. வெளிநாட்டு விவசாயிகள் இரண்டு பேரும்கூடக் கைவிட்டுவிட்டார்கள்.

பின்னால் நின்ற மரியபுஷ்பம் அக்கா முன்னால் வந்தார். கோபம் இல்லை. சலிப்புதான்.

"சார், ஒங்க மச்சினன் டிராக்டரு நல்லாருக்கட்டும். நூறு வருசம் ஓடட்டும். என் கொட்டகைக் காலு செல்லரிச்சி ஆடுது. காத்தடிச்சா கூரை என் தலையிலதான் விழும். ஒங்க ஆயிலு வருசக் கணக்கா டிராக்டருக்குள்ளயே குடியிருந்தா, நான் எதப் பூசுவேன்?"

நான் அக்காவின் கொட்டகையைத் திரும்பிப் பார்த்தேன்.

ஒன்று எனக்குப் புரிந்தது. நான் டிராக்டருக்கு எந்த ஆயில் நல்லது என்று பார்த்தேன். ஊருக்கு ஆயில் வருவதே டிராக்டர் வழியாகத்தான். என் கணக்கில் ஆயில் போய்ச் சேருகிற கடைசி இடம் டிராக்டர்; ஊர்க் கணக்கில் அது நடுவழி.

கிரேஸ் எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. கையில் பையோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"ஏலே செல்வின்! என்ன மரம் மாதிரி நிக்க? சுடலையக் கூப்பிடு. ஆயில மாத்து."

"அக்கா, அது இன்னும் நல்லா—"

"நல்லா இருந்தா நல்லபடியா ஊருக்குப் போவட்டும். போ லே!"

அரை மணி நேரத்தில் சுடலை வந்தார். அடியில் உள்ள நட்டைக் கழற்றினார். நான் தூத்துக்குடி போய் வாங்கி வந்த, சூட்டைத் தாங்கக்கூடிய, சீக்கிரம் கெடாத, ஆயுளில் பாதிகூட வாழாத சிந்தடிக் ஆயில் தட்டில் இறங்கியது. எங்கிருந்து வந்தன என்றே தெரியவில்லை — பாட்டில்கள், டப்பாக்கள், தூக்குவாளிகள். பூசைக்கு வந்தவர்கள் பாட்டிலோடா வந்தார்கள்? மரியபுஷ்பம் அக்கா முதல் ஆளாக நின்றார். இந்தக் கரையிலேயே விலை உயர்ந்த கரையான் மருந்தை நான் என் கண்ணாலேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிராக்டருக்குள் மறுபடி சாதா ஆயில் போனது. சுடலையிடம் மெல்லக் கேட்டேன்: "இதுனால ஒண்ணும் கெட்டுராதே?"

"ஒண்ணும் ஆவாது சார். கையேட்டுல போட்டிருக்க நம்பரு சரியா இருந்து, மணிக்கணக்குப் பாத்து மாத்துனா சாதாவே ஜம்முன்னு ஓடும்."

"இத முன்னாலயே சொல்லக் கூடாதா?"

"நீங்க எது உசத்தின்னுல்லா சார் கேட்டிய?"

திங்கட்கிழமை பக்கத்து ஊர் டிராக்டர் வந்தது. மிக்கேல் அண்ணாச்சி அதன் டிரைவருக்கு டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பினார். முதல் படகு கரை தொட்டபோது, கடற்கரைக் கடைசிவரை கேட்கிற மாதிரி ஒரு குரல்: "ஏலே செல்வின்! தூங்குதியா?" அந்த ஏச்சைக் கேட்டு ஒருவன் அவ்வளவு சந்தோஷமாக ஓடியதை நான் பார்த்ததில்லை. மதியம் எங்கள் வீட்டுக்குச் சாளை மீன் வந்தது. கிரேஸ் என் தட்டில் நிறையவே வைத்தாள்.

விவகாரம் இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். புதன்கிழமை மரியபுஷ்பம் அக்காவைக் கடைத்தெருவில் பார்த்தேன்.

"என்னக்கா, காலுக்குப் பூசியாச்சா? நல்ல ஆயிலு அது. உசத்தி."

அக்கா முகத்தைச் சுளித்தார். "என்னத்த உசத்தி! பூசப் பூச வழிஞ்சி மண்ணுக்குள்ள ஓடுது. நிக்கவே மாட்டேங்கு. பழைய ஆயில்னா அட்டை மாதிரி அப்பிக்கிடும். இனிமே அந்தக் கண்றாவிய வாங்காதிய சார்."

ஆக, வாசகர்களே, சாதாவா சிந்தடிக்கா என்ற கேள்விக்கு எங்கள் கடற்கரையின் தீர்ப்பு வந்துவிட்டது. ஆய்வகச் சோதனை இல்லைதான். ஓர் ஓலைக்கொட்டகையின் மரக்கால் சோதனை. உங்கள் வண்டிக்கு எது சரி என்று கையேட்டைப் பாருங்கள், என்னைக் கேட்காதீர்கள். கேட்பதாக இருந்தால், உங்கள் வண்டியின் பழைய ஆயிலை யார் எதிர்பார்த்திருக்கிறார்கள் என்று முதலில் விசாரித்துவிட்டு வாருங்கள்.

இன்று காலை செய்தித்தாள் எடுக்க வாசலுக்குப் போனேன். கேட் கம்பியில் ஒரு காலி கூல்டிரிங்க்ஸ் பாட்டில், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. நன்றாகக் கழுவியிருந்தது. யார் என்று எழுதவில்லை. கருவாட்டு வாசனை மட்டும் லேசாக அடித்தது. 'நாங்க என்ன வேண்டாம்னா சொன்னோம்' என்று கேட்டவர், வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

இத்தனை வருடம் இந்த ஊரில் இருக்கிறேன். கூட்டத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், பரிசு கொடுக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். இப்படி ஒரு பாட்டில் எனக்கென்று தொங்கியதில்லை.

உள்ளே வந்து சுடலைக்கு போன் செய்தேன்.

"காருக்கு ஆயில் மாத்தணும் சுடலை. இனிமே சாதா ஆயில்."

"சார், அதுக்கு இப்பதான சிந்தடிக் ஊத்துனோம்? ரொம்ப நாள் வரும்னு நீங்கதான சொன்னிய?"

"வரும்யா, வரும். நீர் எப்ப வாரீர்?"